வெள்ளைக் கோட்டுக்குள் நிற்கும் மை: பொங்கல் அட்டையில் எம்பாஸிங்கும் வாஷும்

இந்த முறை பொங்கல் வாழ்த்து அட்டைக்குச் சிக்குக் கோலத்தை எடுத்துக்கொண்டேன். கோடு வெள்ளையாக இருக்க வேண்டும், விரலால் தடவினால் மேடு தெரிய வேண்டும். அதைச் சுற்றிலும் மை தண்ணீரோடு கலந்து தன் போக்கில் பரவியிருக்க வேண்டும். முதல் வேலைக்கு ஹீட் எம்பாஸிங், இரண்டாவதுக்கு வாஷ். இரண்டையும் தனித்தனியாகச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரே அட்டையில் சேர்க்கும்போது ஒன்று சூடு கேட்கும், மற்றது ஈரம் கேட்கும். எதை முதலில் செய்வது, நடுவில் எவ்வளவு காயவிடுவது, எந்தத் தாள் இரண்டையும் தாங்கும் என்பதையெல்லாம் துண்டுத் தாள்களில் பார்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். அதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

எம்பாஸிங் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. சீக்கிரம் காயாத பிசுபிசுப்பான மையில் ஸ்டாம்பைத் தொட்டுத் தாளில் பதிக்கிறோம். ஈரம் இருக்கும்போதே எம்பாஸிங் பவுடரைக் கொட்டி, மிச்சத்தைத் தட்டிவிட்டால் மை இருக்கும் இடத்தில் மட்டும் பவுடர் ஒட்டிக்கொள்ளும். சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன்னால் சூடு காட்டினால் பவுடர் உருகி ஒரே படலமாகி, ஆறியதும் மேடான, பளபளப்பான கோடாக நின்றுவிடும். கல்யாணப் பத்திரிகையிலும் விசிட்டிங் கார்டிலும் எழுத்து மேடாக மின்னுமே, அதை அச்சகத்தில் தெர்மோகிராஃபி என்பார்கள். அங்கேயும் ஈர மையின் மேல் பிசின் பொடியைத் தூவி, மிச்சத்தை உறிஞ்சியெடுத்து, சூடான கூண்டு வழியாகத் தாளை ஓட்டுகிறார்கள். அவர்கள் மெஷினில் செய்வதை நாம் மேசையில் செய்கிறோம், அவ்வளவுதான்.

உருகி ஆறிய பவுடர் ஒரு வகை பிளாஸ்டிக். தண்ணீர் அதன்மேல் ஒட்டாது. அதனால் மேலே வாஷ் அடித்தாலும் கோடு வெள்ளையாகவே இருக்கும். பெரும்பாலும் இந்த ஒரு குணத்துக்காகத்தான் இரண்டையும் சேர்க்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரியதாகப் பட்டது கோட்டின் உயரம். மேடான கோடு ஒரு வரப்பு. வரப்புக்குள் விட்ட தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போகாது. கோட்டுக்குள் விட்ட மையும் அந்த அறைக்குள்ளேயே நிற்கும். பக்கத்துப் பக்கத்தில் மஞ்சளும் ஊதாவும் ஈரமாக இருந்தாலும் ஒன்றோடொன்று கலக்காது. ஆனால் கோடு எங்கேயும் திறந்திருக்கக் கூடாது. கடையில் கிடைக்கும் பூ, இலை ஸ்டாம்புகளில் பாதிக் கோடுகள் அந்தரத்தில் நின்றுவிடும், அந்த வழியாக மை வெளியே போய்விடும். சிக்குக் கோலத்தில் அந்தக் கவலை கிடையாது. கம்பி தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும், புள்ளிகளை வளைத்துக்கொண்டே போகும். வாஷுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரிந்து இல்லை.

அம்மாவின் கோல நோட்டிலிருந்து 1-3-5-3-1 புள்ளிக் கோலம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மொத்தம் 13 புள்ளி. கம்பி எல்லாப் புள்ளிகளுக்கும் இடையில் குறுக்கே வெட்டிப் போகிற எளிய வடிவம், அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மூடிய அறை கிடைக்கிறது. நோட்டைப் புரட்டும்போது அம்மா, "புள்ளிய நெருக்கமா வச்சிடாதடி, அப்புறம் கம்பி இழுக்க இடமே இருக்காது" என்றார். வாசலுக்குச் சொல்கிற யோசனைதான், தூரிகைக்கும் சரியாக வந்தது. புள்ளிக்குப் புள்ளி 16 மில்லிமீட்டர் விட்டேன். வெளிவளைவுகளையும் சேர்த்துக் கோலம் 80 மில்லிமீட்டருக்குள் அடங்கியது. அட்டையின் முகப்பு ஏ6 அளவு, அதாவது 105-க்கு 148 மில்லிமீட்டர். நாலு பக்கமும் வாஷ் பரவ இடம் இருந்தது.

வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் கோலத்தை வரைந்து, ஸ்கேன் செய்து, பாரிமுனைப் பக்கம் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற கடையில் கொடுத்தேன். கோட்டின் தடிமன் 1 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவது நல்லது. அலுவலக முத்திரைகளுக்குச் செய்கிற பழக்கத்தில் மெல்லிய கோடாக வந்துவிட்டால், பவுடர் அதன்மேல் போதிய உயரத்துக்கு நிற்காது. தானாக மை தொட்டுக்கொள்ளும் வகை வேண்டாம், தட்டையான கட்டையில் ஒட்டிய ரப்பர் போதும். ஸ்டாம்ப் செய்ய விருப்பமில்லாதவர்கள் எம்பாஸிங் பேனா வாங்கி நேரடியாகவே கம்பி இழுக்கலாம். அதன் மையும் மெதுவாகத்தான் காயும், ஒரு கோலத்தை நிதானமாக முடித்துப் பவுடர் போட நேரம் கிடைக்கும். ஒன்றிரண்டு அட்டைக்கு அதுதான் அழகு; கை நடுக்கம்கூட அதில் ஒரு உயிரைக் கொடுக்கும்.

இனி தாள். பவுடருக்கும் மைக்கும் கொடுக்கிற காசைவிடத் தாளுக்குக் கொடுக்கிற காசுதான் பலன் தரும். சாதாரண 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஆர்ட் கார்டில் எம்பாஸிங் அருமையாக விழும். ஆனால் தண்ணீர் பட்டதும் தாள் வளைந்து நெளியும், தூரிகை இரண்டாவது தடவை போனால் மேற்பரப்பு உரிந்து திரளும். வாட்டர்கலர் தாள் தண்ணீரைத் தாங்கும். அதிலும் சொரசொரப்பான கோல்டு பிரஸ் வகையில் ஸ்டாம்பின் கோடு பள்ளங்களில் படியாமல் விட்டுவிட்டு விழும். விட்ட இடம் ஒவ்வொன்றும் மை வெளியேறும் உடைப்பு. அதனால் 300 ஜிஎஸ்எம் ஹாட் பிரஸ் தாள் வாங்கினேன், அது வழவழப்பானது. கையில் கோல்டு பிரஸ்தான் இருக்கிறது என்றால் திருப்பிப் பாருங்கள், பல தாள்களில் பின்பக்கம் கொஞ்சம் வழவழப்பாக இருக்கும். தாளுக்கு அடியில் மெல்லிய ஃபோம் ஷீட் ஒன்றை வைத்து ஸ்டாம்பை அழுத்தினால் பள்ளங்களிலும் மை இறங்கும்.

முழுப் பருத்தித் தாளா, மரக்கூழ்த் தாளா என்று கேட்டால், வெளிப்புறத்தில் பெரிய வாஷ் அடிக்கப் பருத்திதான். ஈரம் நெடுநேரம் நிற்கும், நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று மெதுவாக இறங்கும். மரக்கூழ்த் தாளில் அது சட்டென்று காய்ந்து, நடுவில் கரை விழுந்துவிடும். கோலத்தின் உள்ளறைகள் மட்டும்தான் நிறம் பெறப்போகின்றன என்றால் மரக்கூழ்த் தாளே போதும். சின்ன அறையில் பரவ எவ்வளவு நேரம் வேண்டும்?

தாளில் இன்னொரு சங்கதி உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. வரப்பு தாளின் மேல்தான் நிற்கிறது, அடியில் இல்லை. தாள் தண்ணீரை வேகமாகக் குடிக்கிற வகையாக இருந்தால், மை நார்களுக்குள் இறங்கிக் கோட்டுக்கு அடியிலேயே புகுந்து அடுத்த அறையில் முளைக்கும். மேலே கோடு பழுதில்லாமல் இருக்கும், நிறம் மட்டும் கசிந்திருக்கும். நல்ல வாட்டர்கலர் தாளில் ஜெலட்டினோ அதுபோன்ற வேறு பொருளோ சேர்த்து இந்த உறிஞ்சலைக் கட்டுப்படுத்தியிருப்பார்கள், அதற்கு சைசிங் என்று பெயர். வாங்குவதற்கு முன் சோதிக்க எளிய வழி, துண்டுத் தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைப்பது. சொட்டு உருண்டையாகக் கொஞ்ச நேரம் நின்றால் எடுத்துக்கொள்ளலாம். வைத்த உடனே உள்ளே இறங்கிக் கறைபோலப் படர்ந்தால் அது வாஷுக்கு உதவாது. சைசிங் குறைவான கைவினைக் காகிதங்களில் இப்படித்தான் நடக்கும். ஆனால் அவற்றை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. புதுச்சேரியில் செய்கிற பருத்திக் காகிதத்தை அட்டையின் அடித்தாளாக மடித்து, கோலம் போட்ட தாளை அதன்மேல் ஒட்டினால் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கிறது. சென்னை ஆண்டர்சன் தெருவில் தாள் வாங்கப் போனால் அடித்தாளையும் உறையையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள், இரண்டின் நிறத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மைக்கு நான் வைத்திருப்பது வெர்சாமார்க் பேட், நிறமில்லாத பிசுபிசுப்பு மை. மெதுவாகக் காய்கிற பிக்மென்ட் மைப் பேட் எதுவும் இதற்குச் சரிப்படும். பவுடரில் நுண்ணிய வகை, அதாவது டீட்டெயில் பவுடர், கேட்டு வாங்குங்கள். பெரிய குருணையாக வருகிற தடித்த பவுடர் 1 மில்லிமீட்டர் கோட்டில் வழிந்து அறையின் ஓரங்களை மூடிவிடும்.

சென்னையில் பவுடர் போடுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது காற்றின் ஈரப்பதம். மழை ஓய்ந்த மார்கழியிலும் தாள் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். பவுடரைக் கொட்டித் தட்டினால் கோட்டில் மட்டுமல்லாமல் தாள் முழுக்க வெள்ளைத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே சூடு காட்டினால் அத்தனையும் உருகி நிரந்தரமாகிவிடும். வாஷ் அடிக்கும்போது ஒவ்வொரு துகளும் ஒரு வெள்ளைப் புள்ளி. இதற்கு வழி, ஸ்டாம்ப் வைப்பதற்கு முன்பே தாளை ஹீட் கன்னால் சில விநாடி லேசாகச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, மெல்லிய துணியில் முடிந்த டால்கம் பவுடரால் ஒற்றியெடுப்பது. ஆண்டிஸ்டேடிக் பை என்று கடையில் விற்பதும் இந்த வேலையைத்தான் செய்கிறது. அதிகமாக ஒற்றக் கூடாது. டால்கம் படிந்த இடத்தில் வாஷ் சீராகப் பிடிக்காது, ஒற்றிய பிறகு உலர்ந்த தூரிகையால் ஒரு முறை தட்டிவிட வேண்டும். சூடு காட்டுவதற்கு முன் இன்னொரு மெல்லிய தூரிகையால் தப்பி நிற்கிற துகள்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். இந்த இடத்தில் செலவழிக்கிற 2 நிமிடம் பின்னால் பெரிய நிம்மதி.

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பவுடர் டப்பாவைத் திறக்க வேண்டும். உருக்கும்போது வாடை வரும், அதனால் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

இனி சூடு. ஹீட் கன்னைத் தாளின் பக்கம் திருப்புவதற்கு முன் 10 விநாடி தனியாக ஓடவிட வேண்டும். குளிர்ந்த காற்றே முதலில் அடித்தால் பவுடர் பறக்கும். நான் முதலில் தாளைத் தூக்கிப் பிடித்து அடிப்பக்கத்திலிருந்து சூடு காட்டுகிறேன். தாள் வெதுவெதுப்பானதும் பவுடர் தன் இடத்தில் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மேலே வந்து, 4 அல்லது 5 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரு மூலையில் தொடங்குகிறேன். அந்த நேரத்தில் கண்ணைக் கோட்டிலிருந்து எடுக்கக் கூடாது. மங்கலான பொடியாகத் தெரிந்த கோட்டில் ஒரு இடம் சட்டென்று வழவழப்பாகும், அடுத்த கணம் அதில் வெளிச்சம் மின்னும். அந்த மினுமினுப்பின் எல்லை கோட்டோடு ஊர்ந்துகொண்டே போகும், கன் அதைத் தொடர்ந்து போக வேண்டும். அது முந்திய பிறகும் ஒரே இடத்தில் நின்றால் பவுடர் அதிகம் உருகித் தாளுக்குள் இறங்கிவிடும். உயரம் போய், ஓரத்தில் எண்ணெய் பட்ட மாதிரி கறை தெரியும். வரப்பே போய்விட்டது என்று அர்த்தம். குறைவாக உருகினாலும் சரியில்லை. பார்க்க வெள்ளையாக இருக்கும், ஆனால் மேற்பரப்பு குருணையாக நிற்கும். அந்தக் குழிகளில் மை போய் உட்கார்ந்து கோடு அழுக்காகத் தெரியும். தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் எங்கே இன்னும் குருணை என்று தெரிந்துவிடும். கம்பிகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் பவுடர் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும், அங்கே இன்னும் ஒரு விநாடி காட்டுங்கள்.

தலைமுடி காயவைக்கிற டிரையர் இதற்கு ஆகாது. காற்று அதிகம், சூடு குறைவு. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற பெரிய ஹாட் ஏர் கன் வேலை செய்யும், ஆனால் சூட்டைக் குறைத்து வைத்து இன்னும் தள்ளிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தாள் கருகும். கன்னே இல்லாதவர்கள் தோசைக்கல்லை நன்றாகச் சூடாக்கி, தாளை இடுக்கியால் பிடித்து அதற்குச் சற்று மேலே காட்டலாம். அடியிலிருந்து வருகிற சூடு, காற்றே கிடையாது, பவுடர் அமைதியாக உருகும். இரண்டு மூன்று அட்டைக்கு இது போதும்.

வாஷுக்கு எந்த மை? நிறம் தண்ணீரில் கரைந்திருக்கிற டை மையா, கரையாத நுண்துகளாக மிதக்கிற பிக்மென்ட்டா என்று பார்த்தால் போதும். ரேஞ்சர் கம்பெனியின் டிஸ்ட்ரெஸ் இங்க் போன்ற டை மைகள் தண்ணீர் பட்டதும் நன்றாக ஓடும். பேடை ஒரு ஓஎச்பி ஷீட்டில், அதாவது கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளில், தேய்த்து, தண்ணீர் தெளித்து, தூரிகையால் எடுத்துக்கொள்ளலாம். பவுண்டன் பேனா மையும் பெரும்பாலும் டை மைதான், விலையும் மிகக் குறைவு. தண்ணீரில் விட்டால் சில கறுப்பு மைகளிலிருந்து நீலமும் சிவப்புச் சாயலும் பிரிந்து வரும், அந்தப் பிரிவு வெளிப்புற வாஷில் அற்புதமாக இருக்கும். ஆனால் பேனா மை வெயிலில் வெளிறும், ஈர விரல் பட்டால் கரையும். உறைக்குள் போய் மேசைக்குள் இருக்கப்போகிற வாழ்த்து அட்டைக்குப் பரவாயில்லை. சட்டம் போட்டு மாட்டுகிற மாதிரி செய்வதென்றால் வாட்டர்கலர் டியூபுக்கு மாறிவிடுங்கள். கறுப்பு இந்தியன் இங்க், அக்ரிலிக் இங்க் இரண்டையும் இதற்கு எடுக்காதீர்கள். அவை காய்ந்தால் தண்ணீரில் கரையாத படலமாகும். கோட்டின் மேல் தங்கிய சொட்டுகளைத் துடைத்தெடுப்பது பெரிய பாடு.

நான் உள்ளறைகளுக்கு மஞ்சளும் ஆரஞ்சும் கரும்பின் ஊதாவும் டை மையில் எடுத்தேன். கோலத்தின் வெளிவளைவை ஒட்டி ஒரு காவிப் பட்டை. அதற்கு கேமல் டியூபில் பர்ன்ட் சியன்னா, கூடவே ஒரு துளி சிவப்பு. வாசல் கோலத்துக்குக் காவி கட்டாமல் என் கண்ணுக்கு முடிந்த மாதிரித் தெரியாது. அதற்கும் வெளியே மார்கழி விடியற்காலை வானம்: மேலே கருநீலம், கீழே இறங்க இறங்க வெளிறி, அடியில் லேசான ஆரஞ்சு.

தாளை ஒரு பலகையில் நாலு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிக்கொண்டேன். வானத்தை முதலில் அடித்தேன். 8-ஆம் நம்பர் தூரிகையால் காவிப் பட்டைக்கு வெளியே இருக்கும் இடம் முழுவதையும் நல்ல தண்ணீரால் நனைத்து, தேங்கல் போய் மினுமினுப்பு மட்டும் இருக்கும் நேரத்தில் மேல் ஓரத்தில் நீலத்தைத் தொட்டு, பலகையைச் சாய்த்தால் அதுவே இறங்கும். கீழிருந்து ஆரஞ்சு. நீலமும் ஆரஞ்சும் நேரடியாகச் சந்தித்தால் சேறாகும், நடுவில் வெறும் தண்ணீர் உள்ள ஒரு பட்டை இருக்கட்டும். போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் அடர்ந்த நிறத்தின்மேல் வெளுப்பாகப் பூக்கும். குடிக்கிற தண்ணீரையே எடுங்கள்.

வானம் முழுக்கக் காய்ந்த பிறகு காவி, அதற்குப் பிறகு அறைகள். 2-ஆம் நம்பர் தூரிகை. அறைக்குள் முதலில் தண்ணீரை வைத்து ஓரம்வரை தள்ள வேண்டும், அதன் நடுவில் தூரிகை நுனியால் மஞ்சளைத் தொட வேண்டும். மை ஒரு கணம் நடுவிலேயே நிற்கும், அப்புறம் எல்லாப் பக்கமும் விரிந்து கோட்டை எட்டும். கோட்டைத் தொட்டதும் அதைத் தாண்டாது. அதன் அடிவாரத்தோடு வழுக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் ஓடி, மூலையில் போய்ச் சேரும். இன்னும் ஈரமாக இருக்கும்போதே ஒரு மூலையில் ஆரஞ்சை ஒரு துளி விட்டால், அது மஞ்சளுக்குள் நுழைந்து தானே நிழல் போட்டுக்கொள்ளும். காயும்போது டை கோட்டின் ஓரத்தை நோக்கி இழுபட்டு, அங்கே மெல்லிய அடர்ந்த விளிம்பாகப் படியும். இந்த விளிம்புதான் இந்த முறையில் கிடைக்கிற பரிசு. வெள்ளைக் கோட்டின் இரண்டு பக்கமும் நிழல் விழுந்த மாதிரி தெரிவதால், கோடு உள்ளதைவிட உயரமாகத் தோன்றும். கையால் நிழல் தீட்டினால் இவ்வளவு மெலிதாக வராது.

ஒரு அறைக்கு எவ்வளவு தண்ணீர் என்பது கைப்பழக்கம். கோட்டின் உயரத்துக்கு மேல் மை உப்பி நிற்கிறது என்றால் அதிகம், சின்ன அதிர்வில் தாண்டிவிடும். அப்போது தூரிகையைக் கழுவிப் பிழிந்து, நுனியை உப்பலின்மேல் வைத்தால் மிச்சத்தைக் குடித்துக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்து அறைகளை ஒன்றாக ஈரமாக்கலாம், ஆனால் கை ஓய்வாக இருக்க ஒன்றுவிட்டு ஒன்றாகப் போவது எனக்குப் பிடித்திருக்கிறது.

காயவைக்க ஹீட் கன்னை எடுக்கவே கூடாது. மை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் காற்று ஒரு பக்கமாகத் தள்ளிவிடும், அந்த அழகான விளிம்பு வராது. சூடு பட்டால் பவுடரும் மறுபடி இளகும், கோட்டின் மேல் நிற்கிற மைச் சொட்டு அதனுள் பதிந்துவிடும். பலகையைத் தட்டையாக வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். அவசரம் என்றால் மினுமினுப்பு அடங்கிய பிறகு டிரையரின் குளிர்ந்த காற்று போதும்.

கோட்டின் மேல் முத்துப்போல உருண்டு நிற்கிற சொட்டுகளைக் காயவிடாமல், டிஷ்யூவை முறுக்கி அதன் முனையால் தொட்டால் போய்விடும். காய்ந்துவிட்டவற்றுக்கு ஈரமான காட்டன் பட். ஈரம் கோட்டின் தலையில் மட்டும் பட வேண்டும், கீழே இறங்கினால் காய்ந்த டை மறுபடி கரைந்து கிளம்பும். இதைச் செய்து முடித்ததும் கோலம் ஒரேயடியாகத் தெளிவாகும்.

இதையே திருப்பிப் போட்டு இன்னொரு வகை அட்டையும் செய்தேன். அதில் வெள்ளைப் பவுடருக்குப் பதில் நிறமில்லாத கிளியர் பவுடர். முதலில் தாள் முழுக்க மஞ்சள் வாஷ், இங்கேயும் டை மைதான். ஒரு இரவு காயவிட வேண்டும், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பவுடர் எல்லா இடத்திலும் ஒட்டும். அதன்மேல் கோலத்தைப் பதித்துக் கிளியர் பவுடரை உருக்கி, மேலே அடர்ந்த கருநீலத்தை இரண்டு தடவை ஓட்டினேன். நீலம் மஞ்சளின்மேல் படும்போது பச்சை எட்டிப்பார்க்கும், அதனால்தான் அவ்வளவு அடர்த்தி. எல்லாம் காய்ந்து, சொட்டுகளைத் துடைத்த பிறகு, தாளின் மேலும் கீழும் எழுதாத வெள்ளைத் தாளை வைத்து அயர்ன் பாக்ஸால் அழுத்தினேன். நீராவி இல்லாமல், நடுத்தரச் சூட்டில். பவுடர் உருகி மேல்தாளுக்குப் போய்விடும். தாளை மாற்றி மாற்றி, ஒன்றும் ஒட்டாமல் வருகிறவரை தேய்க்க வேண்டும். அச்சான செய்தித்தாளை வைக்காதீர்கள், அதன் மை இறங்கிவிடும். கடைசியில் மேடு எதுவும் இல்லாமல், கருநீலத்துக்குள் மஞ்சள் வெளிச்சத்தால் வரைந்த மாதிரி கோலம் நிற்கும். தொட்டால் ஒன்றும் தெரியாது, அதுவே தனி அழகு. தபாலில் போகிற அட்டைக்கு இது பாதுகாப்பும்கூட.

'பொங்கல் வாழ்த்துகள்' என்ற எழுத்தைத் தங்க நிறப் பவுடரில், காய்ந்த வாஷின் மேல் கடைசியாகப் போட்டேன். தமிழ் எழுத்துக்கு இங்கே கொஞ்சம் கரிசனம் வேண்டும். 'ழ'வின் சுழியும் மெய்யெழுத்துகளின் புள்ளிகளும் உருகும்போது சுலபமாக அடைத்துக்கொள்ளும். எழுத்தின் உயரம் 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல், மெலிந்த எழுத்துருவில் ஸ்டாம்ப் செய்யச் சொன்னேன். புள்ளியை எழுத்திலிருந்து வழக்கத்தைவிடச் சற்றுத் தள்ளி வைக்கவும் சொன்னேன். அடர்ந்த நீலத்தில் டால்கம் ஒற்றினால் வெளுப்பாகத் தெரியும். பயப்பட வேண்டாம், பவுடர் உருகி ஆறியதும் மென்மையான உலர்ந்த தூரிகையால் துடைத்தால் போய்விடும். இந்த நேரத்தில் சூடு எழுத்தின்மேல் மட்டும் பட வேண்டும். கோலத்தின் பக்கம் போகாமல் இருக்க ஒரு அட்டைத் துண்டை மறைப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டேப்பை உரிக்கும்போது தாளிலிருந்து வெளிப்பக்கமாக, தாழ்வாக இழுத்து உரித்தால் விளிம்பு கிழியாது. தாள் லேசாக வளைந்திருந்தால் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு இரவு கவிழ்த்து வையுங்கள். கோலத்தின் கோடு எந்த மடிப்பிலும் போகக் கூடாது, மடித்தால் வெடிக்கும். வெட்டும்போதும் கோட்டின் குறுக்கே கத்தி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடித்தாளில் ஒட்ட இரட்டைப் பக்க டேப் போதும். ஃபோம் டேப் வைத்து உயர்த்தினால் அழகுதான், நேரில் கொடுக்கிற அட்டைகளுக்கு மட்டும் அதை வைத்திருக்கிறேன். ஏ6 அட்டைக்கு சி6 உறை, 114-க்கு 162 மில்லிமீட்டர், அளவாக இருக்கும். கோலத்தின் மேல் ஒரு பட்டர் பேப்பரை வைத்து, உறைக்குள் அட்டையின் முகம் ஒட்டுப் பகுதியைப் பார்க்காமல் திருப்பி வையுங்கள். பசையின் ஈரம் டை மையைத் தொடாது.